விசாலாட்சி அக்கா அடைத்த கவுண்டர்

செவ்வாய்க்கிழமை, கோயிலில் நல்ல கூட்டம். வழிபாட்டு ரசீது எழுதிக்கொண்டிருந்தபோது விசாலாட்சி அக்காவின் மகள் போனில் கூப்பிட்டாள். "அம்மா போயிட்டா, பார்வதி அக்கா. காய்ச்சல் நெஞ்சுல இறங்கிடுத்து." எதிரே நின்றவரிடம் பெயரும் நட்சத்திரமும் கேட்டு, புஷ்பாஞ்சலி ரசீதைக் கிழித்துக் கொடுத்தேன். பிறகுதான் கண் நிறைந்தது. பகவதி கூப்பிட்டுக்கொண்டாள், நாம் என்ன செய்ய முடியும்.

மட்டாஞ்சேரியில் நம் கோயிலுக்கு வருகிற எல்லோரும் அவரைப் பார்த்திருப்பீர்கள். கவுண்டரில் எனக்குப் பக்கத்து நாற்காலி அவருடையது. ஆனால் அதில் அவர் தொடர்ந்து உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. பத்து ரசீது எழுதினால் எழுந்துவிடுவார். அந்தச் சீட்டுகளைத் தாமே பூசாரியிடம் கொண்டுபோவார். "நானே கொண்டுபோறேனே, அம்மா" என்று ஒருவர் கேட்டதற்கு, "உங்களுக்கு மட்டுமா கால் இருக்கு?" என்று சொல்லிவிட்டு நடந்தார். குடிதண்ணீர்க் குடத்தையும் மேசையருகே வைக்க விடமாட்டார். "பக்கத்துல இருந்தா கைதான் நீளும். தூரத்துல இருந்தா ஆளே எழுந்து போவா" என்பார்.

எனக்கு அதெல்லாம் பக்திக்குறைவாகத் தோன்றும். போன மண்டல காலத்தில் நான் ஒரு நேர்ச்சை வைத்தேன்: நாற்பத்தொரு நாளும், காலையில் நடை திறந்தது முதல் அடைக்கும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை. எழக்கூடாதே என்று தண்ணீரும் குடிக்கவில்லை. அக்காவுக்குத் தெரிந்ததும் திட்டினார். "உள்ளே ஒருத்தி கல்லா உட்கார்ந்திருக்கா, அவளுக்கு ஒண்ணும் ஆகாது. உனக்கு ரத்தம் ஓடணும்டீ." நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நாமஜபத்தை மட்டும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்.

இருபத்தொன்பதாம் நாள் இடது கெண்டைக்கால் வீங்கியது. தொட்டால் சூடு. மேசைக்கடியில் தைலத்தை எடுத்துத் தேய்க்கப் போனேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "தேய்க்காதே!" அவர் குரல் உயர்ந்து அன்றுதான் கேட்டேன். கவுண்டர் சன்னலை இழுத்து அடைத்தார். வெளியே வரிசையில் ஒருவர், "எந்தா சேச்சீ, ஞங்ஙள் நில்க்குந்நது காணுந்நில்லே?" என்று மலையாளத்தில் கத்தினார். நாங்கள் நிற்பது தெரியவில்லையா என்கிறார். அக்கா திரும்பவே இல்லை. ஆட்டோ பிடித்து என்னை ஏற்றினார்.

"நேர்ச்சை முறிஞ்சுடுமே, அக்கா" என்று நான் அழுதேன்.

"மிச்ச நாளுக்கு நான் பகவதிகிட்ட பேசிக்கறேன். நீ வாயை மூடிண்டு உட்காரு."

ஆட்டோவில்தான் அதைச் சொன்னார். அவர் கணவர் மிளகுக் கம்பெனி ஆபீசில் டைப் அடித்தவர். காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுவார். அவருக்கும் ஒரு கால் இப்படித்தான் வீங்கியது. "ராத்திரி பூரா எண்ணெய் போட்டுத் தேய்ச்சேன். விடிஞ்சதும் மூச்சு முட்டறதுன்னார். அவ்வளவுதான்." வெயிலைப் பற்றிப் பேசுவது போலச் சொன்னார்.

டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். காலுக்குள் ரத்தம் கட்டியிருந்தது. தேய்த்திருந்தால் கட்டி நகர்ந்து நெஞ்சுக்குப் போயிருக்கலாம் என்றார். ஊசி, மாத்திரை என்று சில மாதங்கள் போயின. கமிட்டிக்காரர் அக்காவைக் கூப்பிட்டு, "யாரைக் கேட்டு கவுண்டரை அடைச்சேள்?" என்றாராம். "அவ காலைக் கேட்டு" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

அக்காவைக் கிடத்தியிருந்த கூடத்தில் பெண்கள் எல்லோரும் அசையாமல் உட்கார்ந்திருந்தோம். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும், என் இடது கால் கனத்தது. நடுவில் எழுந்தால் மரியாதையில்லை என்று நினைத்தேன். பிறகு எழுந்தேன். வாசல்வரை நடந்து, திரும்பி, மறுபடி நடந்தேன். அவருடைய நாத்தனார், "இவளுக்கு இருப்புக்கொள்ளலையா?" என்று பக்கத்தில் முணுமுணுத்தது காதில் விழுந்தது. நான் நிற்கவில்லை.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இதுதான். எழுந்திருக்க இப்போது நான் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை, பகவதியிடம்கூட.