துணியில்லாமல் ஓடிய தையல் மெஷின்

ஞாயிற்றுக்கிழமை காலையில் பள்ளி வாட்ச்மேன் சைக்கிளை நிறுத்திவிட்டு, வாசலில் நின்றே சொன்னார்: "நம்ம தையல் டீச்சர் தவறிட்டாக." அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. இறக்கி வைத்தேன். "சரி, வர்றேன்" என்றேன்.

எஸ்தர் டீச்சரும் நானும் தேனியில் ஒரே பெண்கள் பள்ளியில் வேலை பார்த்தோம். அவர் தையல், நான் கணக்கு. அங்கே படித்த உங்களில் பலருக்கு ரவிக்கை வெட்டச் சொல்லிக் கொடுத்தவராக அவரைத் தெரியும். எனக்கு வேறு விதமாகத் தெரியும்.

என் கணவர் காய்கறி வியாபாரி. கம்பத்திலிருந்து சரக்கோடு வந்த லாரி கவிழ்ந்து இறந்துபோனார். எனக்கு அழுகை வரவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களிடம் என் நாத்தனார், "கல்லு மனசுக்காரி, ஒரு சொட்டு விட்டாளா பாருங்க" என்றாள், என் காதுபடவே. அவள் சொன்னதுகூடப் போகட்டும், நானும் அதையே நம்பினேன். நீயெல்லாம் மனுஷியா என்று தினமும் என்னை நானே வைதுகொண்டிருந்தேன்.

வேலைக்குத் திரும்பியதும் எஸ்தர் டீச்சரிடம் இதைச் சொன்னேன். ஆறுதல் சொல்வார் என்று நினைத்தேன். அவர் சட்டைப் பித்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டே கேட்டார்: "நம்ம வகுப்புப் பிள்ளை ஒண்ணு, அப்பனைப் பறிகொடுத்துட்டு அழாம உக்காந்திருந்தா, கல்லு மனசுன்னு வைவீகளா?"

"அய்யோ, மாட்டேன். பக்கத்துல போய் உக்காருவேன்."

"அந்தப் பிள்ளைக்குச் செய்யிறதை உங்களுக்குச் செஞ்சா என்ன?"

அன்று மதியம் என் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன்.

அதன்பிறகு மதியச் சாப்பாடு தையல் அறையில்தான். துருவிக் கேட்க மாட்டார், வேத வசனமும் சொல்ல மாட்டார். நான் பேசினால் கேட்பார். பேசாவிட்டால், "குழம்பு ஊத்திக்கிறீகளா?" என்பார்.

சில மாதங்கள் கழித்து, சுருளிப்பட்டிப் பிள்ளை ஒருத்தி தன் தோட்டத்துத் திராட்சையைக் கொடுத்துவிட்டுப் போனாள். என் கணவர் சீசனில் தவறாமல் வாங்கி வருவது அது. ஒன்றை வாயில் போட்டேன், உடைந்துபோனேன். டீச்சர் எழுந்து கதவைத் தாழ் போட்டார். மெஷின் முன்னால் உட்கார்ந்து, துணியே வைக்காமல் மிதிக்க ஆரம்பித்தார். வராந்தாவில் இருந்தவர்களுக்கு மெஷின் சத்தம் மட்டும்தான் கேட்டிருக்கும். மணி அடித்தும் அவர் நிறுத்தவில்லை. "நீங்க அழுங்க, நான் பாட்டுக்குத் தைக்கிறேன்" என்றார்.

டீச்சரின் நல்லடக்கத்தில் நான் அழாமல் நின்றேன். உங்களில் சிலர் திரும்பிப் பார்த்ததை நானும் பார்த்தேன். இதை எழுதும்போதும் உள்ளே மரத்துப்போய்த்தான் கிடக்கிறது. ஆனால் அன்று வீட்டுக்கு வந்து நான் என்னை வையவில்லை. சோறு வடித்துத் தட்டில் போட்டு, "சாப்பிடு" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எஸ்தர் டீச்சர் எனக்கு விட்டுப்போனது அதுதான்.