எண்பதா, அறுபத்தெட்டா

குளத்தூருக்குக் கிழக்கே யுத்த காலத்தில் போட்ட விமானத் திடலுக்குப் பெரியண்ணன்தான் காவல்காரர். அநியாயத்தைக் கேளுங்கள்: திடலின் நட்டநடுவில் இருக்கும் பள்ளம் அவருடைய சொந்த வயல். அதைப் பிடுங்கிக்கொண்டவர்கள் அவரையே காவலுக்கு வைத்தார்கள். விமானம் வராமல் போனால் நிலம் திரும்பக் கிடைக்கும் என்று தாலுகா ஆபீசில் சொல்லியிருந்தார்கள். பதினான்கு வருஷமாக அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு கிடந்தார் மனுஷன்.

1957-ல் நிலத்தைப் படமெடுக்கிற கம்பெனி ஒன்று இரட்டை எஞ்சின் விமானத்தைக் கொண்டுவந்தது. கூடவே ஓவர்சியர் நாகராசு. பெரியண்ணனைக் கண்டால் அவனுக்கு ஆகாது, அவனைக் கண்டால் இவருக்கு ஆகாது. தினம் காலையில் பெரியண்ணன் திடலை நடந்து பார்த்துத் தரை ஈரமா இல்லையா என்று சொல்ல, நாகராசு சீட்டில் எழுதி விமானியிடம் கொடுக்க வேண்டும். விமானம் கிளம்புவதற்காகத் தரையில் ஓடும்போது ஒரு எஞ்சின் நின்றுவிட்டால் என்ன செய்வதென்று விமானி ஒரு வேகத்தை முன்கூட்டியே குறித்துக்கொள்வார். அதற்குள் நின்றால் பிரேக். அதைத் தாண்டிவிட்டால் மிச்ச எஞ்சினோடு பறந்தே தீர வேண்டும். காய்ந்த தரைக்கு மணிக்கு எண்பது மைல். ஈரத்தில் பிரேக் வழுக்கும், அதனால் அறுபத்தெட்டு.

ஐப்பசியில் ஒருநாள் மாலை மழை. மறுநாள் காலை வெயிலில் மேல்மண் பொருக்கு கட்டி வெளுத்துக் கிடந்தது. பள்ளத்தில் அடிமண் ஈரம் மூன்று நாளைக்குப் போகாது என்றார் பெரியண்ணன். உழுதவருக்குத் தெரியாதா?

“மாட்டை ஓட்டுன ஆளு எனக்குப் பாடம் நடத்துறியா? கண்ணு முன்னால காஞ்சு கெடக்கு. போயி கேட்டைப் பாருய்யா” என்றான் நாகராசு. சீட்டில் காய்ந்த தரை என்று எழுதினான்.

பெரியண்ணனுக்கு ரத்தம் கொதித்தது. எழுதட்டும். எஞ்சின் மக்கர் பண்ணட்டும், பிரேக் வழுக்கட்டும், திடலின் கோடியில் இருக்கிற கண்மாய்க்குள் போய் விழட்டும். அப்புறம் எவன் வருவான் இங்கிட்டு? நிலம் தன்னால் வந்து சேரும். கேட் வரைக்கும் இதையே நினைத்துக்கொண்டு போனார்.

விமானி ஆத்மநாதன் ஒருநாளும் அவர் பெயரைக் கேட்டதில்லை. குடித்த சிகரெட்டை அவர் காலடியிலேயே போடுகிற ஆள். இருந்தாலும், அந்த ஆள் சாவான் என்று நினைத்தபோது பெரியண்ணனுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. விறுவிறுவென்று விமானத்துக்குத் திரும்பி வந்தார்.

“சார், எறங்கி வாங்க. பள்ளத்துல ஒங்க குதிகாலை ஊண்டிப் பாத்துட்டு அப்புறம் போங்க.”

நாகராசு கத்தினான். ஆத்மநாதன் முகத்தைச் சுளித்துக்கொண்டே வந்து ஊன்றினார். பொருக்கு உடைந்து, பூட்ஸைச் சுற்றிக் கறுப்புச் சேறு பிதுங்கியது. எண்பதை அடித்து அறுபத்தெட்டு என்று எழுதிக்கொண்டார்.

எழுபத்தைந்தில் ஓடும்போது இடது எஞ்சின் நின்றுவிட்டது. எண்பது என்று குறித்திருந்தால் பிரேக் போட்டிருப்பார், வழுக்கிக் கண்மாய்க்குள் போயிருப்பார். அறுபத்தெட்டைத் தாண்டிவிட்டதால் பிரேக்கைத் தொடவில்லை. ஒற்றை எஞ்சினோடு கண்மாய்க் கரைப் பனைகளை உரசுகிற மாதிரி ஏறி, சுற்றிவந்து இறங்கினார்.

ரிப்போர்ட் எழுதியது நாகராசு. தன் சமயோசிதத்தால் விமானம் தப்பியதாம். ஒற்றை எஞ்சினிலும் கிளம்பக்கூடிய அருமையான திடலாம். மேற்கே முன்னூறு கஜம் நீட்டினால் பெரிய விமானமும் வருமாம். கார்த்திகையில் அளந்து எல்லைக் கல் நட வந்தார்கள். பெரியண்ணனுக்கு மிச்சமிருந்த ஒன்றரை ஏக்கர் கடலைக் கொல்லையில் கல் விழுந்தது.

வரப்பில் நின்ற அவர் மனைவி பொன்னுத்தாய் கேட்டாள்: “அன்னைக்கு வாயைப் பொத்திக்கிட்டு இருந்தா என்ன?”

“இருந்திருக்கலாம்” என்றார் பெரியண்ணன்.

அன்று ராத்திரியும் மழை பெய்தது. காலையில் திடலை நடந்து பார்த்துவிட்டு வந்து, பள்ளத்தில் ஈரம் இருக்கிறது என்று சொன்னார். நாகராசு மறுபேச்சில்லாமல் எழுதிக்கொண்டான்.