நான் திரும்பிய இடம்

கோயில் குடமுழுக்கு மலருக்காக எங்கள் ஊரின் வரலாற்றையும் எல்லைகளையும் எழுதியவன் நான். பள்ளியில் புவியியல் நடத்துபவன் என்பதால் என்னிடம் கேட்டார்கள். எனக்கும் பெருமைதான். தெற்கே வெள்ளாறுதான் எல்லை என்று எழுதி, வரைபடமும் போட்டுக் கொடுத்தேன்.

மலர் வெளியான மறுநாள் ஒரு பெண் அதைக் கையில் பிடித்தபடி என் வீட்டு வாசலில் நின்றார்.

"சார், இந்தப் படத்துல எங்க வீடு எங்கிட்டு இருக்குங்க?"

"நீங்க எந்தத் தெரும்மா?"

"ஆத்துக்குத் தெக்கிட்டுங்க. பதினோரு வீடு. எல்லை கட்ட வருவாங்கள்ல, கடைசிக் கல்லு எங்க வாசல்லதான் இருக்கு."

திருவிழாவுக்குக் காப்புக் கட்டும் நாளில் ஊரே கூடிப் போய் எல்லைக் கற்களுக்கு வேப்பிலை கட்டும். சிறுவயது முதல் நானும் போகிறேன். மணல் சுடும் என்று ஆற்றங்கரையோடு திரும்பிவிடுவேன். நான் திரும்பிய இடத்தையே ஊரின் எல்லையாக எழுதிவிட்டேன்.

"விட்டுப்போச்சும்மா" என்றேன்.

"நாந்தான் சரியாப் பாக்கலையோன்னு கேக்க வந்தேன் சார்."

அன்று மாலை ஆற்றைக் கடந்தேன். தண்ணீர் இல்லை. ஐந்து நிமிட நடைதான். அவர் வாசலில் கல் இருந்தது. அதில் கட்டிய வேப்பிலை காய்ந்திருந்தது.

"வாங்க சார். வருசா வருசம் அக்கரையில அந்தப் புங்க மரத்தடி வரைக்கும் வந்துட்டு நீங்க திரும்பிப் போறத இங்கிட்டு இருந்து பாப்போம்."

குற்றமாகச் சொல்லியிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு, எனக்குத் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனார்.