கப்பலுக்கு இடித்த இஞ்சி

எங்கள் ஐயாவின் சோடாக் கொம்பனிக்குக் கப்பல் சங்குதான் மணிக்கூடு. திருகோணமலைத் துறைமுகத்துக்குள் கடற்படைக் கப்பல் நுழைந்து சங்கு ஊதினால் ஐயா உடனே இஞ்சி இடிக்கச் சொல்வார். மறுநாள் இஞ்சிச் சோடா வண்டிலில் இறங்குதுறைக்குப் போகும். வெள்ளைக்கார மாலுமிகள் அதைக் குடித்துவிட்டு மூக்கைச் சிந்துவார்களாம்.

வெள்ளைக்காரர் கடற்படைத் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனதோடு சங்கும் நின்றது. தையற்கடை, பேக்கரி, சலவைக்காரர் என்று எல்லோருக்கும் தொழில் படுத்துவிட்டது. புல்மோட்டையில் மணல் அரிக்கும் தொழிற்சாலைக்கு ஆள் எடுக்கிறார்கள், கொம்பனியைப் பூட்டிவிட்டு அங்கே போங்கள் என்று மாமா சொல்லிப் பார்த்தார்.

"ஆனை படுத்தாலும் குதிரை மட்டம். இந்தத் துறைமுகத்துக்குக் கப்பல் வராமல் இருக்க ஏலாது," என்றார் ஐயா. அவர் எங்களை விட்டுப் போய்விடக் கூடாதென்று நான் காளி அம்மனுக்கு நேர்ந்து வைத்தேன்.

ஒரு மத்தியானம் சங்கு ஊதியது. ஐயா சாப்பிட்ட கையோடு எழுந்துவிட்டார். வேலையால் நிறுத்தியிருந்த பெண்களைக் கூப்பிட்டு, சந்தையில் இருந்த இஞ்சி முழுவதையும் வாங்கிவிட்டார். என்ன கப்பல், எதற்கு வந்தது என்று முதலில் விசாரிக்கச் சொன்ன மாமாவை யாரும் பொருட்படுத்தவில்லை. உரலடியில் ஒரே தும்மல். வீடு முழுக்க அந்த மணம். இன்றைக்கும் எங்காவது இஞ்சி இடித்தால் என் மனம் அங்கேதான் போய் நிற்கும்.

மறுநாள் போன வண்டில் ஒரு போத்தலும் குறையாமல் திரும்பி வந்தது. தளத்தில் மிஞ்சிக் கிடந்த கட்டில் மேசைகளை ஏற்றிப்போகத்தான் அந்தக் கப்பல் வந்ததாம். விடியவே போய்விட்டது. சொன்னது பலித்த மாமாகூட இஞ்சி தின்ற குரங்கு போல நின்றார். ஐயா சிரித்தபடி எங்கள் ஒழுங்கையில் இருந்த சனத்துக்கெல்லாம் போத்தல்களை உடைத்துக் கொடுத்தார். பிள்ளைகளுக்கு அன்று திருவிழா. அம்மா மட்டும் குடிக்கவில்லை.

அந்தக் கிழமையே ஐயா புல்மோட்டைக்கு வெளிக்கிட்டார்.

"கப்பல் வந்தால் கொம்பனியைத் திறக்க வருவீங்கள்தானே, ஐயா?" என்று கேட்டேன்.

"ஓம் பிள்ளை. சங்கு ஊதினால் வந்திடுவன்."

இடைக்கிடை லீவில் வந்துபோனார். அவர் உடுப்பில் இஞ்சி மணம் இல்லை, மணல்தான் இருந்தது. கப்பல்களும் வந்தன, தேயிலை ஏற்றின, போயின. சங்கு கேட்கும்போதெல்லாம் இஞ்சி வாங்குவோம் என்று அம்மாவை நச்சரிப்பேன். அம்மா ஒரு நாளும் ஏசியதில்லை. குசினி வாசலில் வந்து தெருப் படலையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். உள்ளே கறி அடிப்பிடித்துவிடும். இவ்வளவு நன்றாகச் சமைக்கிற அம்மா, கப்பல் வருகிற நாட்களில் மட்டும் ஏன் கறியைக் கருகவிடுகிறார் என்றுதான் நான் யோசித்தேன்.