அம்படையாளம் இல்லாத மணிக்கூடு

யோகராசாவிடம் இருபத்தொரு கைமணிக்கூடுகள் இருந்தன. ஒன்றையும் அவர் கையில் கட்டியதில்லை. ஓர்ஸ் ஹில் வீட்டு அலுமாரியில் வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றின் கீழும் ஒரு மட்டைத் துண்டு: எங்கே செய்தது, எந்த ஆண்டு, என்ன இலக்கம். காலையில் எல்லாவற்றுக்கும் சாவி கொடுப்பார்.

"நேரம் கேட்டா வெளியிலை வந்து வெயிலைப் பாக்கிற மனுசனுக்கு இத்தனை மணிக்கூடு," என்பாள் மனைவி பத்மாசனி.

இருபத்திரண்டாவதற்கான மட்டையை முன்னரே எழுதி வைத்திருந்தார். இலக்கத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தது.

அது கடலடியில் வேலை செய்யும் சுழியோடிகளுக்கென்று இங்கிலீசுக் கடற்படை கொடுத்த மணிக்கூடு. கறுப்பு முகம், தடித்த கண்ணாடி. பின்மூடியில், அரசாங்கச் சொத்து என்று காட்டும் அம்படையாளமும் இலக்கமும் வெட்டியிருக்கும். கடற்படைக் களஞ்சியத்தில் கிளாக்கராக இருந்தபோது தம் கையாலேயே அவற்றைக் கொடுத்திருக்கிறார். ஐம்பத்தேழில் இங்கிலீசுக்காரர் துறைமுகத்தை விட்டுப் போனபோது அவையும் போயின. பதினைந்து வருடம் தேடியும் ஒன்று கண்ணில் படவில்லை.

உத்தியோகத்தின் கடைசி எட்டு வருடம் அவருக்குத் துறைமுக வாசலில் வேலை. வெளியே போகிறவர்களின் பைகளைத் திறந்து, அம்படையாளம் போட்ட சாமான் இருக்கிறதா என்று பார்ப்பது. ஒரு கரண்டிக்காக ஒருவனின் வேலை போயிருக்கிறது. 'அம்பு ஐயா' என்று பெயர் வைத்தார்கள். ஊரில் அம்படையாளத்தோடு எதையும் எவரும் வைத்திருப்பதில்லை. முதலில் அராவிவிடுவார்கள்.

மணிக்கூடு திருத்தும் பாக்கியரத்தினம்தான் செய்தி சொன்னார். கிண்ணியாவில் அபூதாஹிர் என்ற பழைய சுழியோடியிடம் ஒன்று இருக்கிறது. இங்கிலீசுக்காரர் போனபோது ஒரு துரை தன் கையிலிருந்து கழற்றிக் கொடுத்தது.

யோகராசா மறுநாளே களப்பைக் கடக்கும் மிதவைப் பாதையேறி அக்கரைக்குப் போனார். அபூதாஹிர் இறந்து மூன்று கிழமையாகியிருந்தது. மனைவி உம்மு குல்சும் இத்தா இருந்தாள்; நான்கு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண் எவர் முன்னும் வரமாட்டாள். அவளுடைய தம்பி ஜமால்தீன் வாசலில் கதிரை போட்டான்.

"சாமான் ராத்தாட. இத்தா முடியட்டும், அதுக்குப் பொறகு வாங்க."

"ஓம், வாறன். பின்பக்கத்திலை அம்படையாளமும் இலக்கமும் கிடக்கோ எண்டு மட்டும் ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ."

ஜமால்தீன் அவரை நிமிர்ந்து பார்த்தான். உள்ளே போய்ச் சற்றுத் தாமதித்துத் திரும்பினான்.

"இரிக்கி," என்றான்.

"அப்ப சரி," என்று யோகராசா எழுந்தார்.

நாள் எண்ணி, இத்தா முடிந்த மூன்றாம் நாள் போனார். தேத்தண்ணி வந்தது. பிறகு கைலேஞ்சித் துணியில் சுற்றிய மணிக்கூடு வந்தது. கறுப்பு முகம் அப்படியே இருந்தது. திருப்பினார். பின்மூடி புதுச் சில்லறை போல மினுங்கியது. விரலால் தடவினார். ஒன்றும் தட்டுப்படவில்லை.

"தட்டாரிட்டக் குடுத்து நல்லாத் தேச்சி எடுத்திட்டம்," என்றான் ஜமால்தீன். "அம்படையாளமும் இல்ல, இலக்கமும் இல்ல. இனி இது கவுமெந்துச் சாமான் எண்டு ஒருத்தரும் சொல்ல ஏலாது. நீங்களும்தான்."

திரைக்குப் பின்னிருந்து உம்மு குல்சுமின் குரல் வந்தது. "தொர விருப்பத்தோட குடுத்த சாமான் ஐயா. குடுத்ததுக்குக் கடதாசி இல்ல எண்டு எங்கட அவர் ஒங்களுக்குப் பயந்து கட்டாமலே வெச்சிருந்தார். மவுத்தான மனிசன்ட பேரக் கெடுத்திராதீங்க. எடுத்துக்கிட்டுப் போங்க. காசி வேணாம்."

"நான் வழக்குக்கு வரேல்லை, தங்கச்சி. நான் மணிக்கூடு சேர்க்கிறனான்."

ஜமால்தீன் சிரித்தான். "அம்பு ஐயா மணிக்கூடு சேக்கிறாராம், ராத்தா."

"அந்த அடையாளத்துக்காகத்தான் கேட்டனான்," என்றார் யோகராசா. அதற்குமேல் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சொன்னாலும் நம்புவார்கள் போலத் தோன்றவில்லை. கொண்டுபோன காசை முழுவதும் கதிரையில் வைத்துவிட்டு இறங்கினார். ஜமால்தீன் அதைத் தொடவுமில்லை, தடுக்கவுமில்லை.

திரும்பும்போது மிதவைப் பாதையில் நெல் மூட்டைகளும் இரண்டு ஆடுகளும் வந்தன. மணிக்கூட்டைக் காதில் வைத்துப் பார்த்தார். நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. கோபம் வரும் என்று காத்திருந்தார். இக்கரைதான் வந்தது.

"கிடைச்சுதோ?" என்றாள் பத்மாசனி.

"ஓம்."

"பிறகேன் முகம் இப்பிடிக் கிடக்கு?"

"எப்பிடி?"

அவள் குசினிக்குள் போனாள்.

அவர் அலுமாரியைத் திறந்து மணிக்கூட்டை மற்றவற்றின் பக்கத்தில் வைத்தார். இலக்கத்துக்கு விட்டிருந்த இடத்தை அப்படியே விட்டு, மட்டையை அதன் கீழே செருகினார்.