பிரசங்க மேசையில் ஒரு டிஷ்யூ பெட்டி

பிரசங்க மேசையின் இடது ஓரத்தில் எப்போதும் ஒரு டிஷ்யூ பெட்டி இருக்கும். மாண்ட்ரியலின் வடக்கே இருக்கும் எங்கள் மோர்மன் கிறிஸ்தவ சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு உபவாச நாள். அன்று பிரசங்கம் கிடையாது. யார் வேண்டுமானாலும் எழுந்து போய், மைக்கின் முன் நின்று, தன் விசுவாசத்தைச் சாட்சியாகச் சொல்லலாம். குரல் உடைந்தாலோ உடல் நடுங்கினாலோ பரிசுத்த ஆவி தொட்டுவிட்டது என்று எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். அழுகை வரும் என்று தெரிந்தே வைத்த பெட்டி அது. அதைப் பாதி காலி செய்பவர் பியானோ வாசிக்கும் அம்மையார். கியூபெக்காரர், அறுபதைத் தாண்டியவர். முதல் ஆளாக எழுந்து போவார்; இரண்டாவது வாக்கியத்திலேயே கை பெட்டிக்குப் போய்விடும். அவர் அழாத முதல் ஞாயிறை அந்த நாட்களில் நான் பார்த்ததே இல்லை.

நான் சென்னையில் இருந்தபோதே இந்தச் சபையில் சேர்ந்தவன். இங்கே படிக்க வந்து, ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை பார்த்து, ஆட்குறைப்பில் வெளியே வந்தேன். விசா முடிவதற்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் பெட்டி கட்ட வேண்டியதுதான். அந்தப் பயத்தை யாரிடமும் சொல்லவில்லை. கார்ட்டியர்வில்லில் ஒரு வீட்டின் நிலவறை அறையில் இருந்தேன். அம்மா போனில் கேட்டால் எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்பேன். ஒரு நேர்காணலில் “உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்” என்றார்கள். விரல்கள் விறைத்தன, மூச்சு அடைத்தது, செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். கேமராவை அணைத்துவிட்டு ஓடிவிட்டேன். அதற்குப் பிறகு மெட்ரோவிலும் வந்தது, கடையில் பால் வாங்க நின்றபோதும் வந்தது. வருமோ வருமோ என்று காத்திருப்பது, வருவதைவிடக் கொடுமையாக இருந்தது.

ஒரு முதல் ஞாயிறு, இன்னும் நம்பினால் சரியாகிவிடும் என்று நானே எழுந்து மேசைக்குப் போனேன். இரண்டு வார்த்தை பேசுவதற்குள் அதே மூச்சடைப்பு. மேசையைப் பிடித்த கைகள் உதறின, கண்ணீர் கொட்டியது. எப்படியோ ஆமென் சொல்லி இறங்கினேன். கூட்டம் முடிந்ததும் ஆளாளுக்கு வந்து கட்டிக்கொண்டார்கள். பியானோ அம்மையார் என் இரண்டு கைகளையும் பிடித்து, “எனக்கும் அப்படியே உணர முடிந்தது” என்றார். இத்தனை பேர் பரிசுத்தம் என்று கொண்டாடியதை, இல்லை, அது வெறும் பயம் என்று இனி எப்படிச் சொல்வது? சொன்னால் என் விசுவாசமே பொய் என்று ஆகிவிடாதா?

வண்டி நிறுத்துமிடத்தில் ஒருவர் காத்திருந்தார். எங்கள் சபையில் ஒவ்வொரு வீட்டையும் நலம் விசாரிக்க ஓர் ஆளை நியமிப்பார்கள். என் வீட்டுக்கு வந்தவர் இந்த யாழ்ப்பாணத்து அண்ணை. ரொக்ஸ்பரோவில் வீடு, வங்கியில் உத்தியோகம். சபையில் தேநீரும் காப்பியும் விலக்கு என்பதால் ஒரு பிளாஸ்கில் கொத்தமல்லித் தண்ணீரோடு திரிவார். தேத்தண்ணி குடிக்காத யாழ்ப்பாணத்தானை உலகத்திலேயே நீர் மட்டும்தான் கண்டிருப்பீர் என்று தன்னையே கேலி செய்துகொள்வார். அன்று கேலி இல்லை.

“தம்பி, மைக்குக்கு முன்னால நிக்கேக்க உமக்கு விரல் விறைச்சதோ?”

“ஆமாண்ணா.”

“மூச்சும் அடைச்சதோ?”

நான் தலையாட்டினேன். அவர் கார்க் கதவைத் திறந்து என்னை உட்கார வைத்தார்.

“எனக்கும் உப்பிடித்தான் வந்தது. நானும் கனகாலமா அதைச் சாட்சி எண்டுதான் நினைச்சனான். எல்லாரும் கட்டிப்பிடிச்சினம், நானும் நம்பிட்டன். பரிசுத்த ஆவி மூச்சை அடைக்காது, தம்பி. அது வருத்தம், ஒரு நோய். வருத்தத்துக்கு மருந்து இருக்கு. வாரும், பிஷப்போட கதைப்பம்.”

“ஜெபம் பத்தலன்னு சொல்லிடுவாருண்ணா. பயமா இருக்கு.”

“சொன்னாச் சொல்லட்டும். நான் கதவடியில இருக்கிறன்.”

எங்கள் பிஷப் சம்பளம் வாங்காதவர்; வார நாட்களில் பல் மருத்துவர். கதவைத் தட்டி உள்ளே போனேன். திக்கித் திணறிச் சொல்லி முடித்தேன். அவர் முதலில் கேட்டது, “இன்று உபவாசமா?” ஆம் என்றதும் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து நீட்டினார். உடம்புக்கு முடியாதவர்கள் உபவாசம் இருக்கத் தேவையில்லை, நீயும் இருக்காதே என்றார். ஜெபத்தோடு மருத்துவரும் வேண்டும் என்று சொல்லி, வெளியே ஒரு மனநல ஆலோசகரைப் பார்க்க ஏற்பாடு செய்தார். வேலை தேடுபவர்களுக்கு உதவும் சபைச் சகோதரி ஒருவரிடமும் என்னை ஒப்படைத்தார். சிறுவர் வகுப்பின் குட்டி நாற்காலியில், முழங்கால் முகவாயில் இடிக்க, பிறகு பல நாள் அந்தச் சகோதரியுடன் நேர்காணல் ஒத்திகை பார்த்தேன். அன்று பிஷப்பின் அறையை விட்டு நான் வெளியே வந்தபோது அண்ணை ஒரு மடக்கு நாற்காலியில், பிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு, சொன்ன இடத்திலேயே இருந்தார். எனக்கு அழுகை வந்தது. இந்த முறை மூச்சு அடைக்கவில்லை.

அடுத்த நேர்காணலிலும் விரல் விறைத்தது. ஒரு நிமிடம் கேட்டு வாங்கி, தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தேன். அந்த வேலை கிடைக்கவில்லை, அதற்கடுத்தது கிடைத்தது. அண்ணை இப்போது மகளோடு இருக்க டொராண்டோ போய்விட்டார். எனக்கு அந்த மூச்சடைப்பு இப்போதும் சில நாட்களில் வருவதுண்டு. கொத்தமல்லித் தண்ணீர் நானே போட்டுக்கொள்கிறேன், அவருடையது போல வருவதில்லை.

போன மாதம் முதல் ஞாயிறு மறுபடி அந்த மேசைக்குப் போனேன். கை நடுங்கியது. “இந்த நடுக்கம் பரிசுத்த ஆவி அல்ல, என் நோய். இதற்கு மருத்துவரைப் பார்க்கிறேன். கடவுளையும் நம்புகிறேன்” என்று சொல்லிவிட்டு இறங்கினேன். யாரும் கட்டிக்கொள்ளவில்லை. சொல்லியிருக்கக் கூடாதோ என்று கூட்டம் முடியும்வரை நினைத்துக்கொண்டே இருந்தேன்.

எல்லோரும் வெளியேறிய பிறகு பியானோ அம்மையார் என்னிடம் வந்தார். மேசையிலிருந்த டிஷ்யூ பெட்டியை நெஞ்சோடு அணைத்திருந்தார். அதை என்னிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கைகளையும் என் முன் விரித்துக் காட்டினார். விரல்கள் துடித்தன.

“எத்தனையோ வருடங்களாக” என்றார். பிறகு மெதுவாக, “பிஷப் இன்னும் இருக்கிறாரா?”

கதவுவரை கூடப் போனேன். அவர் உள்ளே சென்றதும் சுவரோரம் இருந்த மடக்கு நாற்காலியை விரித்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.