பேர் கூப்பிடும் நேரம்

என் கடைசி மகளுக்குக் கூட்டத்தைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். பத்தாவது படிக்கும்போது பள்ளிக்கூடமே வேண்டாமென்று கதவைச் சாத்திக்கொண்டாள். மலையிறங்கி ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன். அவர் இவள் முகத்துக்கு முன்னால் விரலை நீட்டி இடமும் வலமுமாக ஆட்டினார். "பயந்த நேரத்தை நினைச்சுக்கிட்டே விரலைப் பாரும்மா." இதற்கு இப்போது தனிப் படிப்பே இருக்கிறதாம். எனக்கு அலுப்புத்தான் வந்தது. எழுபதுகளிலேயே இதைப் பார்த்தாயிற்று என்று சொன்னால் யார் நம்பப் போகிறார்கள்?

அப்போது நாங்கள் தேவிகுளம் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். அப்பா இல்லை. அம்மாவுக்கு வலது கால் முழங்கால்வரை வீங்கி, இனி கொழுந்தெடுக்க முடியாது என்று வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அவளுக்குப் பதில் என்னைத் தற்காலிகமாகச் சேர்த்தார்கள். அந்த மழைக்காலம் முழுக்க ஒழுங்காகப் பேர் விழுந்தால்தான் ஆபீசில் வேலையை ஸ்திரமாக்குவார்கள். இல்லையென்றால் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் வேலை. காலையில் எல்லாரும் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்க, கங்காணி ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். "இருக்கேன்யா" என்று சொன்னால் பேர் உண்டு. சொல்லாவிட்டால் தாமதமாக வந்த கணக்கில் அரைப்பேர். அந்த ஒரு சொல் எனக்கு வராது, பாழாய்ப்போன சொல்! அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்ற நினைப்பிலேயே காது அடைத்துவிடும்.

"ஏம்புள்ள, வாயில என்ன கொழுக்கட்டையா?" என்பார் கங்காணி. களமே சிரிக்கும்.

களத்தின் ஓரத்தில் கொழுந்து நிறுக்கும் தராசு தொங்கியது. அதில் மாட்டிய வெற்றுச் சாக்கு காற்றில் இப்படியும் அப்படியும் ஆடும். ஒருநாள் பயத்தில் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் அதையே பார்த்தேன். கண் அதோடு போய் வரப் போய் வர, நெஞ்சுப் படபடப்பு மெல்ல இறங்கியது. என் பெயர் வந்தபோது குரலும் வந்தது. அடுத்த நாளும் வந்தது. ஏன் என்று எனக்குத் தெரியாது, இன்றைக்கும் சரியாகத் தெரியாது.

ஆனால் தராசுப் பக்கத்தில் நிறுப்பவன் நிற்பானே! பெண்டாட்டி உள்ளவன். பக்கத்து வீட்டுக்காரி அம்மாவிடம் வந்து வத்தி வைத்தாள். "ஒம் மவ கண்ண உருட்டி உருட்டி அவனையே பாக்கா. சர்ச்சுக்குப் போற குடும்பம், பாத்துக்க."

அம்மா என் முதுகில் ஒன்று போட்டாள். "இனிமே தலையத் தூக்குன, கொன்னுபோடுவேன்." தலையைக் குனிந்தேன். மறுபடியும் அரைப்பேர். இரண்டாம் முறையும் அரைப்பேர் விழுந்த சாயங்காலம் அழுதுகொண்டே சாக்கு விஷயத்தைச் சொன்னேன்.

"சாக்கப் பாத்தாத்தான் வாய் தொறக்குமோ? நல்லாருக்கு கத!" என்றாள். அடுப்பை ஊதினாள். சோற்றை வடித்துவிட்டு, "ஆடுத எதப் பாத்தாலும் கொரல் வருமாட்டி?" என்று கேட்டாள்.

"வரும்னு நெனக்கேன்ம்மா."

"அப்ப என்னையப் பாரு. பெத்த ஆத்தாளப் பாக்கதுக்கு எவ என்ன சொல்லுதான்னு பாப்போம்."

மறுநாள் காலை அவள் களத்துக்கு வந்தாள். வரிசைக்கு எதிரில், அந்த வீங்கிய காலை இழுத்துக்கொண்டு, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள்.

"என்னம்மா, களத்துல உலாத்துத?" என்றார் கங்காணி.

"நடந்தா காலுக்கு நல்லதுன்னு கம்பவுண்டர் சொன்னாருய்யா." அவர் சொன்னதோ, காலை ஊன்றி நிற்கக்கூடக் கூடாது என்று.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். குரல் வந்தது. அதன்பிறகு ஒவ்வொரு காலையும், மழையிலும், தலையில் கொங்காணிச் சாக்கைப் போட்டுக்கொண்டு நடந்தாள். எனக்கு அவளைப் பார்க்கவே அலுப்பாக இருக்கும், ஆனாலும் பார்ப்பேன். வேறு வழி?

மழை விட்டபின் ஒருநாள் கங்காணி என் பெயரோடு சேர்த்தே, "ஸ்திரமாயாச்சு" என்றார். களத்தில் எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அம்மா எதிரில் நடந்துகொண்டே இருந்தாள். அவளுக்குக் காதில் விழவில்லை போல. ஓடிப்போய்ச் சொன்னேன்.

மூச்சு வாங்க என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்போ இனி நான் உக்காரலாமாட்டி?"